ஓர் ஆள் கிறிஸ்துமஸ்: அரை டம்ளர் பிரியாணியும் அட்டைப்பெட்டி செஞ்சிக்கோட்டையும்!

டிசம்பர் 24, இரவு மணி 10.15. வேளாங்கண்ணி நள்ளிரவுத் திருப்பலிக்கான லைவ் லிங்க்கை ஷெட்யூல் செய்துவிட்டு, 'கிறிஸ்துமஸை குடும்பத்தோடு கொண்டாட 10 ஐடியாக்கள்' என்ற கட்டுரையை பப்ளிஷ் செய்துவிட்டு லேப்டாப்பை மூடினேன். அந்தக் கட்டுரையை எழுதியதும் நான்தான். எழுதும்போது வீட்டில் இருந்தது நான், ஒரு டியூப் லைட், ஒரு பல்லி. அவ்வளவுதான்.

வணக்கம் மக்களே! இந்த வாரம் ஊர்க்கதை இல்லை, என் கதை. சென்னையில் ரூம் எடுத்துத் தங்கியிருப்பவர்கள், நைட் ஷிஃப்ட்காரர்கள், லீவு கிடைக்காத நர்ஸுகள், வெளிநாட்டு வேலைக்குப் போனவர்கள்... பண்டிகை அன்று தனியாக இருந்த யாருக்கும் இது புரியும்.

எங்க ஊர் பனமலை. செஞ்சிப் பக்கம் வந்தால், ஏரிக்கரையை ஒட்டி ஒரு சின்ன மலையும் அதன் மேல் ஒரு பல்லவர் கோயிலும் தெரியும், அதுதான். டிசம்பர் தொடக்கத்தில் அக்காவுக்குப் பிரசவ நேரம் என்று அம்மாவும் அப்பாவும் மஸ்கட் கிளம்பினார்கள். எனக்கு 25-ம் தேதி ஒரு நாள்தான் லீவு. 24 இரவு ஷிஃப்ட், 26 காலை ஷிஃப்ட். "நான் ஊருக்குப் போய் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன்" என்று ஆபீஸில் கேட்டு வாங்கிக்கொண்டு, சாவியோடு பனமலைக்கு வந்துவிட்டேன்.

தனியாக இருப்பது மட்டும் என்றால் சமாளித்திருப்பேன். இன்னொரு விஷயமும் இருந்தது. போன மார்ச்சில் எங்க ஆயா, அதாவது அப்பாவின் அம்மா, இறந்துபோனார். எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டில் ஒரு வருடத்துக்குப் பண்டிகை கிடையாது. எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது, பலகாரம் சுடக் கூடாது. சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும்தான் பலகாரம் கொண்டுவந்து தருவார்கள். மதம் எதுவாக இருந்தாலும் ஊர் வழக்கம் இதுதான்.

அம்மாவுக்கு போன் போட்டேன். "அம்மா, நான் என்னதான் பண்ணட்டும்?"

"எண்ணெய்ச் சட்டி வைக்காத. வாசல்ல ஸ்டார் கட்டாத. புதுத்துணி வேணாம். சாப்பாடு ஒழுங்கா செஞ்சு சாப்பிடு."

"குடில்?"

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "குடில் வை பாப்பா. அது ஆயாவோடது. வைக்கலன்னா ஆயா கோச்சிக்கும்."

ஆக, என் கிறிஸ்துமஸுக்கு அனுமதி கிடைத்தது இரண்டே இரண்டு விஷயங்களுக்கு: சமையல், குடில். இரண்டுமே கையால் செய்கிற வேலை!

ஒருவருக்கு பிரியாணி: வகுத்தல் கணக்கு வேலைக்கு ஆகாது

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் பிரியாணி என்றால் நாலு படி அரிசி, பெரிய அண்டா. எனக்குத் தெரிந்த ஒரே அளவு அதுதான். அதை அப்படியே ஒரு ஆளுக்கு வகுத்துப் போட்டு முதல்நாள் டிரையல் பார்த்தேன். அடிப்பிடித்த கஞ்சி மாதிரி ஏதோ ஒன்று வந்தது.

காரணம் சின்னதுதான். அண்டாவில் ஆவியாகிப் போகிற தண்ணீரும் குட்டி குக்கரில் ஆவியாகிற தண்ணீரும் அரிசி அளவுக்கு ஏற்ற மாதிரி குறையாது. பாத்திரத்தின் அகலம், மூடி, தீ எல்லாம் அதை மாற்றும். சிக்கன் வேறு தன் பங்குக்குத் தண்ணீர் விடும். அதனால் அளவைக் குறைக்கும்போது தண்ணீரைத் தனியாக யோசிக்க வேண்டும். இரண்டாவது தடவை சரியாக வந்த அளவு இது, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சீரகச் சம்பா அரிசி அரை டம்ளர், 20 நிமிடம் ஊறவைத்தது. சிக்கன் 200 கிராம். பெரிய வெங்காயம் 1, சின்ன தக்காளி 1, பச்சை மிளகாய் 1, இஞ்சி பூண்டு விழுது 1 டீஸ்பூன், தயிர் 1 டேபிள்ஸ்பூன், மிளகாய்த்தூள் அரை டீஸ்பூன், பட்டை ஒரு துண்டு, கிராம்பு 2, ஏலக்காய் 1, புதினாவும் கொத்தமல்லியும் சேர்த்து ஒரு கைப்பிடி. குட்டி குக்கரில் எண்ணெயும் கொஞ்சம் நெய்யும் விட்டு எல்லாவற்றையும் வரிசையாக வதக்கி, சிக்கனைப் போட்டு அது தண்ணீர் விடும்வரை பிரட்டவும். பிறகு முக்கால் டம்ளருக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர். கொதி வந்ததும் உப்பு பார்த்து அரிசியைப் போட்டு மூடி, ஒரு விசில். அப்புறம் சிறுதீயில் 5 நிமிடம். ஆவி தானாக அடங்கிய பிறகுதான் திறக்க வேண்டும்.

வெங்காயம் வதக்கும்போது ஒரு சந்தேகம் வந்து மறுபடியும் போன் போட்டேன். "அம்மா, இதுவும் எண்ணெய்ச் சட்டிக் கணக்குல வருமா?"

"வதக்கறது வேற, பொரிக்கிறது வேற. வேலையப் பாரு!"

எண்ணெய்ச் சட்டி இல்லாமல் ஒரு கேக்

அதிரசம் இல்லை, முறுக்கு இல்லை, அச்சுமுறுக்கு இல்லை. இனிப்புக்கு என்ன செய்வது? கேக்! அதற்கு எண்ணெய்ச் சட்டி வேண்டாம். எங்கள் வீட்டில் அவன் கிடையாது, ஆனால் குக்கர் உண்டு.

குக்கர் அடியில் ஒரு கப் கல்லுப்பைப் பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்டு வைத்து, கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு மூடி, 10 நிமிடம் சூடு பண்ண வேண்டும். இரண்டு டேபிள்ஸ்பூன் சர்க்கரையைக் கருக்கி, கால் கப் வெந்நீர் விட்டுக் கரைத்து ஆறவைத்தால் பிளம் கேக்கின் அந்தக் கறுப்பு நிறம் கிடைத்துவிடும். முக்கால் கப் மைதா, அரை கப் பொடித்த சர்க்கரை, கால் கப் எண்ணெய், ஒரு முட்டை, அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், கால் டீஸ்பூன் சமையல் சோடா, கொஞ்சம் பட்டைப்பொடி. முதல்நாளே ஆரஞ்சு ஜூஸில் ஊறவைத்த திராட்சையும் முந்திரியும் ஒரு கைப்பிடி. எல்லாம் கலந்து, எண்ணெய் தடவிய டப்பாவில் ஊற்றி, சிறுதீயில் 35 முதல் 40 நிமிடம். குச்சியைக் குத்திப் பார்த்து மாவு ஒட்டாமல் வந்தால் முடிந்தது.

'அவன் இல்லாத கேக் எல்லாம் ஒரு கேக்கா?' என்பவர்களுக்கு ஒரு கதை. கேரளத்தின் தலசேரியில் 1883-ல், பேக்கரி நடத்திய மாம்பள்ளி பாபுவிடம் மர்டாக் பிரவுன் என்ற தோட்ட முதலாளி, இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த கேக்கைக் கொடுத்து "இதே மாதிரி செய்து தர முடியுமா?" என்று கேட்டாராம். பாபு அதற்கு முன் கேக் செய்ததே இல்லை. பிரான்ஸ் பிராந்திக்குப் பதிலாக உள்ளூர்ச் சரக்கைச் சேர்த்து, உள்ளூர்ப் பொருட்களை வைத்தே செய்து கொடுத்தார். இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் அதுதான் என்று தலசேரியில் இன்றும் சொல்கிறார்கள். கையில் இருப்பதை வைத்துச் செய்வது நம் கேக் பரம்பரையிலேயே இருக்கிறது!

லெகோ ஆசையும் கூரியர் அட்டைப்பெட்டியும்

இப்போது குடில். அதற்கு முன் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ரொம்ப நாளாக லெகோ ஆசை. டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற ஊரில், ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் 1932-ல் தொடங்கிய பொம்மைக் கம்பெனி அது. ஒன்றோடு ஒன்று 'டக்' என்று மாட்டிக்கொள்ளும் இப்போதைய கட்டைக்கு 1958-ல் பேடன்ட் வாங்கினார்கள். எட்டுப் புள்ளி உள்ள ஒரே நிறக் கட்டைகள் ஆறு இருந்தால், அவற்றை 91 கோடியே 51 லட்சத்து 3 ஆயிரத்து 765 விதமாகச் சேர்க்கலாம் என்று கணக்கே போட்டிருக்கிறார்கள். 2017-ல் வந்த தாஜ்மஹால் செட்டில் 5,923 துண்டுகள். விலையைப் பார்த்துவிட்டு அந்த டேபை மூடிய வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அதனால் என் லெகோ, ஆன்லைன் ஷாப்பிங்கில் சேர்ந்த அட்டைப்பெட்டிகள். இந்த வருடம் குடிலுக்குப் பின்னணியாக செஞ்சிக்கோட்டையையே கட்டுவது என்று முடிவு செய்தேன். காரணம் இருந்தது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர்களின் ராணுவக் கோட்டைகள் என்ற தொகுப்பில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. அதில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பிடித்த ஒரே கோட்டை செஞ்சி. அந்தச் செய்தியை டெஸ்க்கில் போட்டதும் நான்தான். 'எங்க ஊர்ப் பக்கம்' என்று ஆபீஸ் முழுக்கப் பெருமையடித்து டீ வாங்கிக் கொடுத்தேன்.

"பெத்லகேம் குடில்ல செஞ்சிக்கோட்டை எப்படி வரும்?" என்று வீடியோ காலில் அக்கா கேட்டாள். அதற்கு ஆயா எப்போதோ பதில் சொல்லிவிட்டார். குடில் மலைக்கு பிரவுன் பேப்பரைக் கசக்கி, கறுப்பு வெள்ளை பெயின்ட் தெளித்தால் அப்படியே எங்கள் பக்கத்துப் பாறை மலை மாதிரி இருக்கும். ஒரு உடைந்த கண்ணாடித் துண்டை வைத்தால் அது பனமலை ஏரி. சின்ன வயதில் நான், "இது நம்ம ஊர் மாதிரி இருக்கே ஆயா, பெத்லகேம் எங்க?" என்று கேட்டேன். "பெத்லகேமும் ஒரு ஊருதான கண்ணு. ஆடு மேய்க்கிறவங்க அங்கயும் இருக்காங்க, இங்கயும் இருக்காங்க" என்றார்.

வரலாற்றிலும் தொடர்பு உண்டு. நிக்கோலாஸ் பிமென்டா என்ற இயேசு சபைப் பாதிரியார் 1597-ல் செஞ்சிக்கு வந்திருக்கிறார். கிருஷ்ணப்ப நாயக்கர் ஆட்சிக்காலம். இந்தியாவில் தான் பார்த்த நகரங்களிலேயே பெரியது இதுதான், லிஸ்பனைத் தவிர போர்ச்சுக்கலில் எந்த ஊரும் இவ்வளவு பெரிதில்லை என்று எழுதிவைத்தார். இன்று பஸ்ஸிலிருந்து பார்த்தால் நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கும் ஊர்!

குடில் வைக்கும் வழக்கமே இப்படி உள்ளூரில் பிறந்ததுதான். 1223-ல் இத்தாலியின் கிரெச்சோ என்ற மலைக்கிராமத்தில், அசிசியின் புனித பிரான்சிஸ் ஒரு குகையில் தீவனத்தொட்டி, வைக்கோல், நிஜ மாடு, நிஜ கழுதை வைத்துக் கிறிஸ்து பிறப்பைக் காட்டினார். ஊர்மக்களுக்கு அவர் காட்டியது அவர்கள் தினமும் பார்க்கிற தொழுவத்தைத்தான்.

எட்டு வருடக் கோட்டை, எட்டு நிமிடக் கோட்டை

டிசம்பர் 15-ம் தேதியே ஒரு தட்டில் மண் போட்டு, ஊறவைத்த கேழ்வரகைத் தூவிவிட்டேன். 24-ம் தேதி இரண்டு இன்ச் பச்சைப் புல் ரெடி.

பிளான் இதுதான். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள். நிஜத்தில் மூன்றையும் ஒரு பெரிய மதில் இணைக்கிறது. மூன்று ராஜாக்கள் பொம்மை இருப்பதால் ஆளுக்கொரு மலை. ராஜகிரி சுமார் 800 அடி உயரம். என் அட்டை ராஜகிரி 12 இன்ச். அந்தக் கணக்குப்படி என் நாலு இன்ச் தேவதூதர் 260 அடிக்கும் மேல் இருப்பார். ஸ்கேல் பார்க்கக் கூடாது, பக்தி பார்க்க வேண்டும் என்று விட்டுவிட்டேன். கீழே கல்யாண மஹால்: சதுர முற்றம், நடுவில் அடுக்கடுக்கான மாடிகள், உச்சியில் கூம்பு. தீப்பெட்டிகளை அடுக்கியே செய்துவிடலாம். கட்டுவதற்கு ரொம்ப ஜாலியான பகுதி அதுதான்.

கட்டடப் பைத்தியம் எங்கள் ஊருக்குப் புதிதில்லை. பனமலை மேலே இருக்கும் தாளகிரீஸ்வரர் கோயிலைக் கட்டியவர் ராஜசிம்ம பல்லவர். காஞ்சி கைலாசநாதர் கோயில், மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் எல்லாம் கட்டிய அதே ஆள். 1,300 வருடத்துக்கு முன்னால் வந்து இங்கேயும் ஒன்றைக் கட்டி, உள்ளே ஒரு பார்வதியையும் வரைய வைத்துவிட்டுப் போனார். அந்த ஓவியத்தின் மிச்சம் இன்னமும் சுவரில் இருக்கிறது. சின்ன வயதில் ஸ்கூல் லீவில் நாங்கள் மேலே ஏறிப் போய்ப் பார்ப்போம்.

ஷிஃப்ட் முடிந்த பிறகு 10.30-க்கு வேலையைத் தொடங்கினேன். மைதா பசை காய்ச்சி, அட்டைகளை ஒட்டி, மேலே பிரவுன் பேப்பர் போர்த்தி, பெயின்ட் தெளித்து... 11.40-க்கு ராஜகிரி எழுந்து நின்றது. போட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்பில் போடலாம் என்று போனைத் தேடி எடுத்து வருவதற்குள் 'பொத்'. பசை ஈரத்தில் அட்டை ஊறி மலை அப்படியே உட்கார்ந்துவிட்டது. ஔரங்கசீப்பின் படை 1690-ல் முற்றுகை போட்டு, 1698-ல்தான் பிடிக்க முடிந்த கோட்டை. என் வீட்டில் எட்டு நிமிடம் நிற்கவில்லை.

சிரிப்பு வரவில்லை மக்களே. அந்த நேரத்தில்தான் தனியாக இருப்பது உறைத்தது. வீட்டில் யாராவது இருந்திருந்தால் சேர்ந்து சிரித்திருப்போம், அப்பா திட்டியிருப்பார், ஆயா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்திருப்பார். மடங்கிக் கிடந்த அட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, 'யாருக்காக இதெல்லாம்? போய்ப் படுப்போம்' என்று நினைத்தேன். போனில் வேளாங்கண்ணி லைவ் ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவு கூட்டம். பார்க்கப் பார்க்க இன்னும் தனியாக இருந்தது.

பெட்டிக்கு அடியில் இருந்த செங்கல்

படுப்பதற்கு முன் பொம்மைகளையாவது வெளியே எடுத்து வைப்போம் என்று ஆயாவின் குடில் பெட்டியைத் திறந்தேன். பழைய டிரங்குப் பெட்டி. ஒவ்வொரு மண்பொம்மையையும் பழைய புடவைக் கிழிசலில் சுற்றி, ஆயா போடுகிற அந்த இரட்டை முடிச்சு. போன ஜனவரியில் அவர் கையால் போட்டது. அவிழ்ப்பதற்கு மனசு வரவில்லை. ரொம்ப நேரம் ஆனது. மாதா, சூசையப்பர், குழந்தை, ஆட்டுக்குட்டி. ஒரு கால் உடைந்த ஒட்டகம். அதற்கு ஆயா தீக்குச்சியில் கால் வைத்திருந்தார்.

எல்லாம் எடுத்த பிறகும் பெட்டி கனத்தது. அடியில் இன்னும் இரண்டு துணிமூட்டை. அவிழ்த்தால் இரண்டு அரைச் செங்கல்! கூடவே ஓட்டை விழுந்த ஒரு பழைய அன்னக்கூடை.

ஒவ்வொரு வருடமும் பரணிலிருந்து பெட்டியை இறக்கும்போது அப்பா, "பொம்மைப் பெட்டி ஏன்தான் இப்படிக் கனக்குதோ" என்று முணுமுணுப்பார். இதுதான் காரணம். ஆயாவின் மலைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று நாங்கள் யாரும் கேட்டதே இல்லை. நாங்கள் எழுந்து வருவதற்குள் மலை நின்றிருக்கும். செங்கல்லை அடியில் வைத்து, கூடையைக் கவிழ்த்து, அதன் மேல் பேப்பரைப் போர்த்தியிருக்கிறார். அட்டையையும் பசையையும் நம்பவே இல்லை.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் ஆரம்பித்தேன். செங்கல் இரண்டு, கவிழ்த்த கூடை, மேலே கசக்கிய பேப்பர். பசையை ஓரங்களில் மட்டும் தொட்டு வைத்தேன். மிச்ச இரண்டு மலைகளுக்குக் குழம்புச் சட்டியும் ஒரு சொம்பும். உச்சிக்கு அருகே பாறைப் பிளவு, அதன் மேல் ஐஸ் குச்சிப் பாலம். நிஜ ராஜகிரியில் இருப்பது போலவே. தீப்பெட்டிக் கல்யாண மஹால், கேழ்வரகு வயல், கண்ணாடி ஏரி, வைக்கோல் குடில். முடிக்கும்போது மணி 2.10. குழந்தையைத் தொட்டிலில் வைத்துவிட்டு, டியூப் லைட்டை அணைத்து, குடிலுக்குள் இருந்த குண்டு பல்பை மட்டும் போட்டேன்.

முடிப்பதில்தான் விஷயம் இருக்கிறது

மறுநாள் இதைப் பற்றிப் படித்தபோது ஒரு ஆய்வு ஞாபகம் வந்தது. மைக்கேல் நார்ட்டன், டேனியல் மோச்சன், டான் ஏரியலி என்ற மூன்று ஆய்வாளர்கள் 2012-ல் வெளியிட்டது. 'ஐக்கியா எஃபெக்ட்' என்று அதற்குப் பெயர். சிலரை ஐக்கியா பெட்டி மாட்டவும், காகிதம் மடித்து உருவம் செய்யவும், லெகோ கட்டவும் வைத்தார்கள். கோணல்மாணலாகச் செய்திருந்தாலும், தன் கையால் செய்ததற்கு மக்கள் அதிக மதிப்புக் கொடுத்தார்கள். இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொரு முடிவு. செய்ததைக் கலைத்துவிட்டாலோ, பாதியில் விட்டுவிட்டாலோ அந்த மதிப்பு காணாமல் போய்விடுகிறது. முடித்தால்தான் அந்தச் சந்தோஷம்!

11.48-க்கு நான் படுக்கப் போயிருந்தால், இந்தக் கிறிஸ்துமஸ் எனக்கு 'மலை விழுந்த கிறிஸ்துமஸ்' ஆகியிருக்கும்.

தனியாகப் பண்டிகையைக் கடப்பவர்களில் கடற்படை அதிகாரியாக இருந்த அபிலாஷ் டோமியையும் நினைத்துக்கொண்டேன். 2012 நவம்பர் 1-ம் தேதி மும்பையிலிருந்து பாய்மரப் படகில் தனியாகக் கிளம்பி, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றி 2013 மார்ச் 31-ல் திரும்பினார். அப்படிச் செய்த முதல் இந்தியர். பிறகு கோல்டன் குளோப் போட்டியில் 2022 செப்டம்பரில் கிளம்பி, 2023 ஏப்ரலில் இரண்டாமிடம் பிடித்தார். இரண்டு கிறிஸ்துமஸ்கள் அவருக்கு நடுக்கடலில், தனியாக! அந்தப் போட்டியில் படகின் பாகங்கள் பழுதானபோது அவரேதான் ரிப்பேர் செய்து ஓட்ட வேண்டியிருந்தது. பனமலையில் கரன்ட்டும் கேஸும் பக்கத்து வீடும் இருக்கும் எனக்கு என்ன கேடு?

காலையில் வந்த தூக்கு

25 காலை. பஸ் பிடித்து கோயிலுக்குப் போய்விட்டு வந்து கேட்டைத் திறந்தேன். பக்கத்து வீட்டு அத்தை தூக்குவாளியோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அவர்கள் இந்துக்கள். ஒவ்வொரு வருடமும் எங்கள் வீட்டிலிருந்து அவர்களுக்கு அதிரசம் போகும். இந்த வருடம் அவர் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறியிருக்கிறது. தூக்குக்குள் அதிரசமும் முறுக்கும்.

"நீங்க சுடக்கூடாது, நாங்க சுடலாம்ல. உங்க ஆயா பதம்தான், எனக்கு அவங்கதான் சொல்லிக் குடுத்தாங்க. கொஞ்சம் கெட்டியாயிடுச்சி."

உள்ளே வந்து குடிலைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "இது செஞ்சி மலைதான? அங்க ஏரி நம்ம ஏரியா?" என்றவர், ஒட்டகத்தின் தீக்குச்சிக் காலைத் தொட்டுப் பார்த்து, "இது அவங்க வெச்சது" என்றார்.

கேக்கில் பாதியை வெட்டி அதே தூக்கில் போட்டுக் கொடுத்தேன். நம் ஊரில் தூக்கைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது அல்லவா! கிளம்பும்போது சொன்னார்: "ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உங்க வீட்ல லைட்டு எரிஞ்சிது. நானும் எங்க வாசல் லைட்ட அணைக்கல."

மதியம் என் அரை டம்ளர் பிரியாணியைத் தட்டில் போட்டு, குடிலுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேன். வீடியோ காலில் அம்மா முதலில் கேட்டது, "மலை எப்படி நிக்குது?" என்பதைத்தான். "செங்கல் இருக்கு" என்றேன். பக்கத்திலிருந்து அப்பா, "என்னது, செங்கல்லா?" என்றார். 30 வருட மர்மம் அன்றைக்குத்தான் அவருக்கு விலகியது.

பொங்கலோ, கிறிஸ்துமஸோ, ரம்ஜானோ... தனியாக இருக்கப் போகிறீர்களா?

* சமையலில் ஒரே ஒரு ஐட்டத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள். முதல்நாளே சின்ன அளவில் டிரையல் பாருங்கள்.

* கையால் கட்டுகிற, ஒட்டுகிற, தைக்கிற ஏதாவது ஒரு வேலையை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே இரவில் முடிக்கக் கூடிய அளவில் இருக்கட்டும். பாதியில் விழுந்தால், அளவைக் குறைத்தாவது முடித்துவிடுங்கள்.

* விலை கொடுத்து செட் வாங்க வேண்டும் என்றில்லை. அட்டைப்பெட்டி, தீப்பெட்டி, மைதா பசை போதும். அடியில் கனமாக ஏதாவது வையுங்கள். இது ஆயா சொல்லாமல் சொன்ன டிப்ஸ்.

* செய்ததில் ஒரு பங்கை யாருக்காவது கொடுங்கள். கேக் என்றால் பாதி.

* உங்கள் தெருவில் தனியாக இருப்பவர் யாராவது இருந்தால், கதவைத் தட்ட வேண்டாம் என்று தோன்றினாலும், வாசல் லைட்டை மட்டும் கொஞ்ச நேரம் போட்டு வையுங்கள்.

26-ம் தேதி காலை அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அந்தச் செய்தி வந்தபோது நான் ஷிஃப்ட்டில் இருந்தேன். எங்கள் வழக்கப்படி குடிலை ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளுக்குப் பிறகு பிரித்து வைப்பேன். பொம்மைகளைச் சுற்றி அதே இரட்டை முடிச்சுப் போடப் பழகிக்கொண்டிருக்கிறேன். செங்கல் இரண்டும் பெட்டிக்கு அடியில்தான் போகும், கனத்தால் கனக்கட்டும்!